எங்கள் தெருவை விளையாட்டாக்கியவன்

அண்ணா என்று கூப்பிட்ட வாய்தான். இப்போது அவன் என்றுதான் வருகிறது. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது தேடிப் போய் அந்த விளையாட்டைப் போட்டுப் பார்ப்பார்கள். பார்க்கிறவர்கள் எண்ணிக்கையில் என்னால் ஒரு ஆள் கூட வேண்டாம்.

பழவேற்காட்டில் ஏரிக்கரையை ஒட்டிய குப்பம் எங்களுடையது. அவன் வீடு எங்களுக்கு எதிர்வீடு. என்னைவிட ஆறு வயது மூத்தவன். சென்னையில் ஒரு கம்பெனியில், இன்னும் கட்டாத அடுக்குமாடி வீடுகளைக் கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கொரோனா காலத்தில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தவன் அப்புறம் போகவில்லை. மாடியில் ஷீட் போட்ட அறை ஒன்று இருந்தது. அதிலேயே வேலை, அதிலேயே தூக்கம்.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் "இன்னா, சாப்ட்டாச்சா" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார்கள். அவன் வாசற்படியிலேயே நின்றுவிடுவான். கண் இடது மூலையில் தொடங்கி சுவர் சுவராக நகர்ந்து வலது மூலைக்கு வரும். "ஏதோ ஒண்ணு மாறிக்கீது" என்பான். அது என்னவென்று தெரியும்வரை படி தாண்டமாட்டான். என் அம்மாவைச் சித்தி என்றும் நைனாவைச் சித்தப்பா என்றும் கூப்பிடுவான்.

"சித்தி, காலண்டருக்கு ஆணி மாத்தி அடிச்சிக்கீறீங்க."

"ஆமாண்டா. பழைய ஆணி வுழுந்துடுச்சி. உள்ள வா."

அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றுவான்.

அம்மாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. தெருவில் எல்லோருக்குமே அப்படித்தான். யார் வீட்டிலாவது ஒரு பொருள் காணாமல் போனால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அரிசி டிரம்மின் மூடி எப்போதும் இருக்கும் பக்கம் இல்லை என்று சொல்லி, கையை முழங்கை வரை அரிசிக்குள் விட்டு, ஒரு வாரமாகத் தேடிய கொலுசை எடுத்துக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஆட்களையும் அவன் அப்படியே பார்ப்பான். பேசும்போது கண்ணைப் பார்க்கமாட்டான். முகத்தைத் தடவுகிற மாதிரி பார்ப்பான். "இந்தப் பரு முந்தாநேத்து இல்ல" என்பான். மூன்று வீடு தள்ளி கல்யாணமாகி வந்திருந்த ஒரு பெண் குழாயடியில் நின்றிருந்தபோது, பத்துப் பேர் நடுவில், "உன் வயிறு மாறிக்கீது, நிக்கிறது கூட மாறிக்கீது" என்றான். அவள் தன் புருஷனிடம்கூட இன்னும் சொல்லியிருக்கவில்லை. குடத்தைக் குழாயடியிலேயே போட்டுவிட்டு உள்ளே போனவள் இரண்டு நாள் வெளியே வரவில்லை. நான் அவனைத் திட்டினேன். அவனுக்கு எதற்குத் திட்டு என்றே விளங்கவில்லை.

"மாறுனதத்தான சொன்னேன். இல்லாதத சொல்லலியே."

அந்தக் கண் எங்களுக்கு நல்லதும் செய்திருக்கிறது. ஒருநாள் வாசலில் நின்று வழக்கம்போலச் சுவரையெல்லாம் பார்த்தவன், வீட்டில் எதுவும் மாறவில்லை என்று குழம்பிப்போய்க் கடைசியில் அம்மாவைப் பார்த்தான். "சித்தி, உன் கண்ணு போன வாரம் வேற வெள்ளையா இருந்துச்சி" என்றான். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நைனாவுக்கும் தெரியவில்லை. பொன்னேரி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மஞ்சள் காமாலை ஆரம்பம், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மீன் வறுத்தால் முதல் துண்டு எதிர்வீட்டுக்குப் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வறுத்த மீனை எடுத்துக்கொண்டு நான் மாடிக்குப் போனேன். அவன் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தான். திரையில், ரயில்வே ஸ்டேஷனில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு சுரங்கப்பாதை. வெள்ளை டைல்ஸ், மஞ்சள் போர்டு, எதிரே பை வைத்துக்கொண்டு ஒரு ஆள் வருகிறான். அவ்வளவுதான்.

"இன்னாண்ணா கேம் இது?"

"நடக்கணும். மூலை திரும்புனா திரும்பவும் இதே பாதைதான் வரும். எல்லாம் முன்ன இருந்த மாதிரியே இருந்துச்சின்னா நேரா போ. எதாவது மாறியிருந்தா வந்த வழியே திரும்பிடு. எட்டு வாட்டி தப்பில்லாம போனா வெளிய வுட்டுடும். ஒரு தப்பு பண்ணா மொதல்லேர்ந்து."

"பேய் எப்போ வரும்?"

"வராது. அதான் பயம்."

நாற்காலியை எனக்குத் தந்துவிட்டுப் பின்னால் நின்றான். நான் மூன்றாவது சுற்றில் தோற்றேன். கதவின் கைப்பிடி ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்திருந்ததாம். மறுபடி போனேன். சுவரில் ஒட்டியிருந்த படத்தில் இருந்தவளின் கண் என்னோடு சேர்ந்து நகர்ந்ததாம். நான் தோற்கும்போதெல்லாம் அவன் சத்தமில்லாமல் சிரிப்பான். தோள் மட்டும் குலுங்கும். "உனக்குக் கண்ணே இல்ல பாப்பா."

பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பிடித்திருந்தது. அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் போனேன். அப்போது மீஞ்சூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் பேக்கிங் பிரிவில் சேர்ந்திருந்தேன். சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கி எங்கள் தெருவில் நடக்கும்போது அதே குடம், அதே நாய், அதே ஐஸ் பெட்டி என்று எண்ணிக்கொண்டே வருவேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வரும்.

பிறகு அவன் சொந்தமாக ஒன்று செய்யப்போவதாகச் சொன்னான். அந்தச் சுரங்கப்பாதைக்குப் பதில் எங்கள் தெரு. தண்ணீர்த் தொட்டியிலிருந்து படகு கட்டுமிடம் வரை ஒரு சுற்று. தெருவே சந்தோஷப்பட்டது. "எங்க வூட்டுக் கதவு வருமா", "எங்க ஆட்ட போடுவியா" என்று கேட்டார்கள். அவன் தெருவை அளந்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்தது எங்கள் நைனாதான். கடலுக்குப் போய் வந்து தூங்காமல், ஒரு காலை முழுவதும் வீடு வீடாக நடந்தார். "நம்ம தெரு அமெரிக்காவுல தெரியுமாம்டி" என்று என்னிடம் சொன்னார்.

நான் அவனை அருவருத்தது அதற்கு அடுத்த வாரம்தான். முதல் தடவை. ஒரு மடவை மீனை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துப் படம் எடுக்க ஆரம்பித்தான். மணிக்கு ஒரு படம். விளையாட்டில் எங்கேயாவது ஒரு மீன் அழுக வேண்டுமாம், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டாம் நாள் வயிறு வெடித்தது. மூன்றாம் நாள் புழு வைத்தது. காற்று எங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் ஓடுவோம். மீன் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். இது வேறு. இனிப்பான ஒரு நாற்றம், நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அம்மா கீழே நின்று கத்தினாள்.

"எடுத்துப் போடுடா அத. குடலப் புடுங்குது."

"இன்னும் ரெண்டே நாளு சித்தி. கண்ணு உள்ள போறது மட்டும் பாக்கி."

புழுவை ஒரு குச்சியால் நகர்த்தி, வெளிச்சம் விழும் இடத்துக்குக் கொண்டுவந்து படம் எடுத்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அதே கையால் டம்ளரின் வாயைப் பிடித்து டீ குடித்தான். அவன் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. குழந்தைக்கு முதல் பல் முளைத்ததைப் பார்க்கிற முகம்.

அந்த வருஷம் ஐப்பசியில் நைனா போய்விட்டார். முகத்துவாரத்தில் அலை படகைப் புரட்டிவிட்டது. கூடப் போன இருவர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். நைனா சேரவில்லை. மூன்றாம் நாள் காலையில் வடக்கே சுண்ணாம்புக்குளம் பக்கம் ஒரு உடல் ஒதுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். ஏரி நண்டுகள் மூன்று நாளில் என்ன செய்யும் என்பதை நான் எழுத வேண்டாம். முகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை. அம்மாவைக் கிட்டே விடவில்லை. சித்தப்பாக்கள் இருவரும் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்று திரும்பி நின்று வாந்தி எடுத்தார்கள். அவன்தான் போய்க் குனிந்தான். காலிலிருந்து தலைவரை பார்த்தான்.

"சித்தப்பாதான். வலது கால்ல ரெண்டாவது வெரலு கட்டவெரலு மேல ஏறிக்கினு இருக்கும். அப்டியே கீது."

இருபத்து மூன்று வருஷம் அவர் மகளாக இருந்த எனக்கு அந்த விரல் தெரியாது. அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ இல்லேன்னா எங்க நைனா அநாதப் பொணமா போயிருப்பாரு என்றெல்லாம் சொன்னேன். அதைச் சொன்னது நான்தான் என்று நினைக்கும்போது இப்போதும் வாயில் எச்சில் ஊறுகிறது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அது.

மறு வருஷம் அவனுடைய விளையாட்டு வெளியே வந்தது. வந்ததே எனக்குத் தெரியாது. சாவுக்குப் பிறகு நான் மாடிக்குப் போவதில்லை. ஃபேக்டரியில் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் உட்காரும் மீஞ்சூர்ப் பெண் ஒருத்தி, போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து வீடியோ பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். அன்றைக்கு ஒரு பையன் விளையாட்டு விளையாடிக்காட்டும் வீடியோ. மூலையில் அந்தப் பையன் முகம், மீதித் திரை முழுக்க ஒரு தெரு.

"உங்க ஊர் மாதிரியே கீது பாரேன்" என்று அவள் போனை என் பக்கம் திருப்பினாள்.

எங்கள் தெருதான். தொட்டி, ஐஸ் பெட்டி, எங்கள் வீட்டு நீலக் கதவு. கதவில் நான் சின்ன வயதில் ஆணியால் கீறிய பூ. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. நைனா அளந்த தெரு அல்லவா.

அந்தப் பையன் நான்கு சுற்று போனான். ஐந்தாவது சுற்றில் எங்கள் வீட்டுக் கதவு ஒரு கை அகலம் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. இருட்டிலிருந்து ஒரு பொம்பளை அழும் சத்தம் வந்தது. "எந்திரிச்சி வாய்யா, சோறு ஆறிப்போவுது. எந்திரிச்சி வாய்யா." நடுவில் ஒரு இருமல். மறுபடி, "சோறு ஆறிப்போவுது."

அந்த இருமலை எனக்குத் தெரியும். நைனாவைக் கொண்டுவந்த அன்றைக்கு அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. தண்ணீர் கொடுத்தது நான்.

பையன் "வேணா மச்சி, வேணா மச்சி, திரும்பிடுவோம்" என்று கத்தி ஓடினான். அடுத்தடுத்த சுற்றுகளில் ஒன்றும் இல்லை. கடைசிச் சுற்றில் எங்கள் வாசலில் ஈரப் பாய் போட்டு மூடி யாரோ படுத்திருந்தார்கள். பாய்க்கு வெளியே இரண்டு பாதம். பையன் கிட்டே போய்ப் பார்த்தான். "கால் வெரல பாருங்க மக்களே, ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கீது. எவ்ளோ நுணுக்கமா பண்ணிக்கீறான் பாரு." மீஞ்சூர்க்காரி சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்.

நான் கை கழுவும் தொட்டிக்கு ஓடிச் சாப்பிட்ட எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். பின்னாலேயே வந்து முதுகைத் தடவினாள். "இன்னா ஆச்சி, கொழம்பு ஒத்துக்கலியா?"

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராக மாடி ஏறினேன். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எங்கம்மா அழுவுறத எப்போ புடிச்ச?"

திரும்பினான். அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"கேம் பாத்தியா? எந்த ரவுண்டுல கண்டுபுடிச்ச?"

நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"காலும் பாத்தியா? அத நெறைய பேரு வுட்டுட்டாங்க. உனக்குக் கண்ணே இல்லன்னு நெனச்சேன்."

அவன் என்னைப் பாராட்டுகிறான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"எங்க நைனா பொணம் அது."

"மொகம் காட்டல. பேரு போடல. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"நீ இந்தத் தெருவுல கீற. அதான். ரெண்டு பேர வெச்சி அழச் சொல்லிப் பாத்தேன் பாப்பா. பொய்யா இருந்துச்சி. சித்தி அழுதத நடிச்சி வாங்க முடியாது."

"பதிவு பண்ணலாம்னுதான் சாவுக்கு வந்தியா?"

அது மட்டும் அவனைத் தொட்டது. "இல்ல" என்றான் வேகமாக. "இங்க ஜன்னல்ல மைக்கு எப்பவும் ஓடும். தெரு சத்தம் வேணும்ல, அதுக்கு. பத்து மாசம் ஓடுச்சி. அன்னிக்கும் ஓடிக்கினு இருந்துச்சி. நிறுத்தணும்னு தோணல. அவ்ளோதான்."

அவன் பொய் சொல்லவில்லை. வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்லியிருந்தால் ஒரு அறை விட்டுவிட்டு வந்திருப்பேன். தோணல என்கிற ஆளை என்ன செய்வது. அவன் மேசையிலிருந்த எல்லாமே பிசுபிசுப்பாக இருப்பதுபோலத் தோன்றியது. எதன் மேலும் கை படாமல் நின்றுகொண்டு, "ரெண்டையும் எடுத்துடு" என்றேன்.

"எடுத்துட்றேன்" என்றான். அடுத்த வாரமே எடுத்தும் விட்டான்.

அவன் எடுத்தானே தவிர, விளையாடுகிறவர்கள் விடவில்லை. அந்த அழும் பொம்பளைதான் உச்சம், ஏன் எடுத்தீர்கள், திரும்பப் போடுங்கள் என்று கீழே எழுதியிருந்தார்கள். ஒருவன் அந்த அழுகையை மட்டும் வெட்டி எடுத்து, பால் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்ட ஒரு பூனையின் வீடியோவுக்குப் பின்னணியாகப் போட்டிருந்தான். "எந்திரிச்சி வாய்யா, சோறு ஆறிப்போவுது." பூனை பாலை நக்குகிறது. கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். நான் ஒன்றுவிடாமல் படித்தேன். படித்த ஒவ்வொரு தடவையும் போய்க் கை கழுவினேன்.

அம்மாவிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அன்று மாடியில் நான் போட்ட சத்தம் அவள் காதில் விழுந்திருக்கிறது. பத்து நாள் விடாமல் கேட்டாள். "அவன் கூட இன்னாடி சண்ட?" கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன், பூனையைத் தவிர. மண்ணை வாரித் தூற்றுவாள், எதிர்வீட்டு வாசலில் போய் நின்று தெருவைக் கூட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்ய வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன்.

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்து, கவிழ்த்து வைத்து, புடவையில் கையைத் துடைத்தாள்.

"பத்து மாசம் தெரு சத்தம் புடிச்சானா?"

"ஆமா."

"நைனா இருக்கும்போதேவா?"

"ஆமாம்மா."

"அப்போ உங்க நைனா கொரலு அதுல இருக்கும்ல."

"அவன் கிட்ட போய் கேக்கச் சொல்றியா?"

"நீ போவலன்னா நான் போறேன்."

நைனாவின் குரல் எங்களிடம் ஒரு துண்டுகூட இல்லை. அவருடைய போன் அவரோடு தண்ணீரில் போயிற்று. ஒரு கல்யாண வீடியோவில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார், பேசவில்லை. அம்மாவை அவன் முன்னால் போய் நிற்க விட எனக்கு மனசில்லை. நானே போனேன். படியேறும்போது ஒவ்வொரு படியிலும் என்னைத் திட்டிக்கொண்டேன்.

அவனுக்கு ஆச்சரியமே இல்லை. "இருக்கும், தேடணும்" என்றான். மூன்று நாள் தேடினான். சாப்பிடக்கூடக் கீழே இறங்கவில்லை என்று அவன் அம்மா சொன்னாள். நான்காம் நாள் கூப்பிட்டு என் போனில் ஏற்றிக் கொடுத்தான். ஒன்பது விநாடி.

"பக்கத்துல ஓடுன ஜெனரேட்டர் சத்தத்த எடுத்துட்டேன். சுத்தமா கேக்கும்." பிறகு, "சித்தி இத கேக்கும்போது நான் வரலாமா?" என்றான்.

"எதுக்கு?"

"மொகம் எப்டி மாறுதுனு பாக்கணும்."

"வராத."

சரி என்று தலையாட்டினான். வருத்தப்படவும் இல்லை. அடுத்த மாதம் பெங்களூரில் ஒரு பெரிய கேம் கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். போகும்போது அம்மா கருவாடு வறுத்துக் கட்டிக்கொடுத்தாள். நான் உள்ளேயே இருந்தேன்.

அந்த ஒன்பது விநாடியில் முதலில் ஒரு பைக் போகும். அப்புறம் நைனா, கீழே தெருவிலிருந்து: "ஏய், மோட்டாரு ஓடிக்கினே கீது பாரு. தொட்டி ரொம்பி தெருவெல்லாம் தண்ணி." அவ்வளவுதான். அந்தக் கடைசி 'தண்ணி' மேலேயே, மைக்குக்கு மிக அருகில், யாரோ மூக்குச் சளியை உள்ளே உறிஞ்சும் சத்தம். ஈரமாக, நீளமாக. மாடியில் ஜன்னலோரம் அவன் உட்கார்ந்திருந்திருக்கிறான். ஜெனரேட்டரை எடுக்கத் தெரிந்தவனுக்கு அதை எடுக்கத் தோன்றவில்லை.

பொன்னேரியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஸ்டுடியோ ஒன்றுக்குக் கொண்டுபோனேன். இரண்டு தடவை போட்டுக் கேட்டுவிட்டு, "ரெண்டும் ஒட்டிக்கினு கீதும்மா. அத வெட்டுனா உங்கப்பாவோட அந்த வார்த்தையும் போயிடும்" என்றார். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மா தினமும் ஒரு தடவை கேட்கிறாள், போனைக் காதோடு வைத்துக்கொண்டு. அவளுக்கு அந்தச் சளிச் சத்தம் கேட்பதே இல்லையாம். "இன்னா சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கல போ" என்கிறாள். எனக்கு அது மட்டும்தான் கேட்கிறது. தொட்டி ரொம்பி என்று நைனா சொல்லும்போதே நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். உள்ளே அம்மா போனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

"நிறுத்திட்டேன்யா. ஏன் கத்துற."